தூணுக்குப் பூசிய சுண்ணாம்பு

ஆற்றுக்கு இந்தப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், அந்தப் பக்கம் தேயிலை மலை. இடையில் ஒற்றைத் தூணில் நிற்கும் பாலம். அக்கா காலையில் கொழுந்து பறிக்க அதைத் தாண்டிப் போய் மாலையில் திரும்புவாள். கொழுந்து லொறியும் அதில்தான் போய்வரும்.

நில அதிர்வு வந்த மறுநாள் பதுளையிலிருந்து போனேன். லயத்துச் சுவர்கள் வெடித்திருந்தன. பாலம் விழவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். பத்திரிகைக்குச் செய்தி எழுதிய பழக்கத்தில் கீழே இறங்கிப் பார்த்தேன். தூண் பக்கவாட்டில் ஆடும்போது அதிகம் வளைவது அடிப்பகுதிதான். அங்கே கொங்கிரீட்டின் மேலோடு உதிர்ந்து, நெடுக்குக் கம்பிகள் வெளியே புடைத்திருந்தன. அவற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டிய சுற்றுக் கம்பிகள் நெருக்கமாக இல்லாமல் முழத்துக்கு ஒன்றாக இருந்தன. அதிலும் சில திறந்துகொண்டிருந்தன. மேலே கைப்பிடிச் சுவர் நடுவில் லேசாகக் கோணியிருந்தது. இன்னொரு அதிர்வை அந்தத் தூண் தாங்காது.

படம் எடுத்து வீதிப் பொறியியலாளருக்கு அனுப்பினேன். அவர் வருவதற்குள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அந்த இடத்தைச் சீமெந்தால் பூசி, தூண் முழுக்கச் சுண்ணாம்பும் அடிக்க வைத்துவிட்டார்.

பொறியியலாளர் வந்து தூணைத் தட்டிப் பார்த்தார். நன்றாகத்தானே இருக்கிறது என்றார். பூச்சை உடைத்துப் பாருங்கள் என்றேன். அது தோட்டத்துச் சொத்து என்றார் துரை.

வேலை முடிந்து வந்த அக்கா கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு நல்லா இருந்தா, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் கீழ நில்லுங்க, தொர. லொறி மேல போகட்டும்."

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். துரை கைபேசியைப் பார்த்தார். அக்கா இறங்கி வந்து, பக்கத்தில் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தவரின் மம்பட்டியை வாங்கி, அதன் பின்பக்கத்தால் தூணின் அடியில் இரண்டு அடி அடித்தாள். பூச்சு பலகையாகக் கழன்று விழுந்தது. புடைத்த கம்பிகள் அப்படியே இருந்தன. பொறியியலாளர் படம் எடுத்தார்.

அடுத்த வாரம் பலகை வைத்தார்கள்: வாகனங்கள் செல்லத் தடை. இப்போது லொறி லயத்துப் பக்கக் கரையிலேயே நிற்கிறது. அக்காவும் மற்றப் பெண்களும் கொழுந்து மூட்டைகளைத் தலையில் சுமந்து, அதே பாலத்தைத் தாண்டி வந்து லொறியில் ஏற்றுகிறார்கள்.