காய்ச்சலில் படுத்த இளவரசி

எருக்கலம்பிட்டியில் எங்கள் ஸில்மியாவைத் தெரியாத ஆளில்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, தலையணை உறை, கிழிந்த காற்சட்டை, எதுவென்றாலும் தைக்க அவளிடம்தான் போகும். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள். அதனாலேயே எனக்கு அவள்மீது எரிச்சல் வரும். பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் நன்றாக ஏசியும் இருக்கிறேன். இத்தனை வருசம் தைத்தும் ஒரு கல்யாண உடுப்பை மட்டும் யாரும் அவளை நம்பிக் கொடுத்ததில்லை. கல்யாணம் என்றால் எல்லாரும் கொழும்புக்கு ஓடுவார்கள். ஒரேயொரு மணப்பெண்ணுக்காவது தைத்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

இந்த முறை எங்கள் ஊர் அஸீபாவின் மகள் றிப்கா தன் கல்யாண உடுப்புக்காக வந்தாள். வெள்ளைச் சாட்டின் துணியும் வாங்கிக் கொடுத்தாள். ஆனால் ஒரு நிபந்தனை.

"அந்த ராசா காலத்து ரீவி நாடகத்தில இளவரசி நிக்காஹ்வுக்கு என்ன உடுக்கிறாளோ, அதே மாதிரித் தைக்கோணும். பார்க்காமல் துணியில கத்தரி வைச்சிடாதேங்கோ ராத்தா."

நாடகத்தின் முதல் சீசன் நிக்காஹ்வுக்கு முதல் நாளோடு நின்றிருந்தது. இரண்டாம் சீசன் தொடங்குவது திங்கட்கிழமை. றிப்காவின் கல்யாணமோ அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை! இப்படியும் ஒரு கூத்து உண்டா? ஸில்மியா வழக்கம்போல ஓம் என்று தலையாட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை எல்லாரும் என் வீட்டில். பெரிய ரீவி என்னிடம்தானே இருக்கிறது. ஸில்மியா உடுப்பைப் பார்த்துக் கீறிக்கொள்ளப் பென்சிலும் கையுமாக முன்னால் உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்தது. இளவரசிக்குக் காய்ச்சல். கழுத்துவரை போர்வை. வைத்தியர் வந்தார், நாடி பிடித்தார், போனார். இளவரசன் குதிரையில் வந்துகொண்டே இருந்தான். விளம்பரம். மறுபடியும் குதிரை.

"எழும்பன்டி!" என்று ரீவியைப் பார்த்துக் கத்தினேன். எங்கே எழும்பினாள்? கடைசிவரை அந்தப் போர்வைக்குள்ளேயே கிடந்தாள். நிக்காஹ்வும் இல்லை, உடுப்பும் இல்லை. இதற்கா இத்தனை மாதம் விளம்பரம் போட்டு எங்கள் உயிரை வாங்கினார்கள்?

றிப்கா விம்மத் தொடங்கினாள். அஸீபா எழுந்து, "அழாத மகள், கொழும்பில வாடகைக்கு எடுப்பம்," என்றாள். ஸில்மியாவின் முகம் செத்துப்போனது. ஏசுவதற்கு நான் வாயைத் திறக்க முதல் ஸில்மியாவே எழும்பிவிட்டாள்.

"பொறுங்கோ மாமி. அவ காய்ச்சலில கிடந்தால் அது என்ர பிழையோ? கல்யாணம் அவவுக்கோ, றிப்காவுக்கோ? இப்ப சோழகக் காத்து அடிக்கிற காலம். கொழும்பு உடுப்போட வாசலுக்கு இறங்கினால் பாவாடை தலைக்கு மேல போகும். றிப்கா, காருக்குப் போற மாதிரி ஒருக்கால் நடந்து காட்டு."

றிப்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். ஸில்மியா பின்னாலேயே முழங்காலில் ஊர்ந்து, பாவாடை நிலத்தில் எங்கே படும் என்று பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"ராத்தா, றிஸ்வி மச்சான்ர பழைய வலை கிடக்குதோ? அந்த ஈயக்குண்டு கொஞ்சம் வேணும்."

என் புருசனின் மீன் வலையைத் தண்ணீரில் தாழ்த்தி வைக்கிற குண்டுகள்தான். என் கையாலேயே வெட்டிக் கொடுத்தேன். அவள் அவற்றைக் கழுவி, துணியில் சுற்றி, பாவாடை ஓரத்து மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள்.

"வலைக்குக் கட்டினதைக் கல்யாணப் பொம்பிளைக்குக் கட்டுறியளோ!" என்று என் புருசன் கத்தினார்.

"பேசாமல் இருங்கோ. வலை பழசு, பொம்பிளை புதுசு," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சோழகம் பேய்க்காற்றாக அடித்தது. வாசலில் மணல் பறந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு கையால் முக்காட்டையும் மறு கையால் பாவாடையையும் பிடிக்கப் படாதபாடு பட்டார்கள். றிப்கா கையை வீசிக்கொண்டு ராசாத்தியாக நடந்து வந்தாள். பாவாடை இம்மியும் கிளம்பவில்லை.

மாப்பிள்ளையின் சாச்சி, அவருடைய தாயின் தங்கை, றிப்காவின் உடுப்புக் கையைத் தொட்டுப் பார்த்தா. "நல்ல வடிவு மகள். எந்த நாடகத்தில வந்த உடுப்பு?"

"நாடகத்தில வரேல்ல," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "நான் தைச்சது."

ஸில்மியாதான். சொல்லிவிட்டுத் தானே பயந்துபோய் நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? அந்தச் சாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தா. பிறகு அவளுடைய கையைப் பிடித்தா.

"அப்ப வாங்கோ, என்ர மகளையும் ஒருக்கால் அளந்து பாருங்கோ. வாற மாசம் அவளுக்கும் நிக்காஹ்."

சாப்பாட்டுக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். அளவெடுக்கப் போன ஸில்மியாவுக்காக நான் ஒரு கதிரையைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவள் வரும்வரை யாரையும் அதில் உட்கார விடவில்லை.