வடக்குச் சுவர் வியர்த்த மூன்று நாள்

ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.20க்குப் பஸ். 6 மணிக்கு யார்டு கேட்டில் கையெழுத்து. அன்று பதினோரு கன்டெய்னர் திறந்தார்கள்; பதினொன்றிலும் சீல் நம்பர் சரியாக இருந்தது. 2 மணிக்கு டேலி ஷீட்டை ஒப்படைத்தேன். 3.10க்கு எண்ணூரில் எங்கள் மனையில் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். ஏழு மாதமாக இதுதான் நடைமுறை.

நான் டேலி கிளார்க். கப்பலில் வந்த சரக்கை எண்ணுவதும், சேதமிருந்தால் என்ன சேதம் என்று ஷீட்டின் ரிமார்க்ஸ் கட்டத்தில் எழுதுவதும் இருபத்தாறு வருடமாக என் வேலை. மதியத்துக்கு மேல் வீடு கட்டினேன். களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் தண்ணீர் விட்டு மிதித்து, செங்கல்லாக அறுக்காமல் உருண்டை உருண்டையாகவே சுவரில் வைத்து அமுக்கிக் கட்டும் வீடு. ஏன் மண் வீடு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னேன். எங்கள் யார்டு ஆபீஸ் ஒரு பழைய கன்டெய்னர். மே மாதம் அதற்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

மனை என் மனைவி ரோஸ்லினுடையது, அவள் அப்பா கொடுத்தது. அதனால் நிபந்தனையும் அவளுடையது.

"மாதா திருநாளுக்குள்ள நாலு செவுரும் லிண்டல் மட்டத்துக்கு வரணும். வரலன்னா ஹாலோ பிளாக் மேஸ்திரிய கூப்ட்ருவேன். மழைக்கு முன்னால தலைக்கு மேல கூரை வேணும் எனக்கு. அப்பறம் மூஞ்சத் தூக்கக் கூடாது."

மாதா திருநாள் செப்டம்பர் 8. லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னலின் மேல்விளிம்பு, ஏழடி. மூன்று சுவர்கள் ஏழடியைத் தொட்டுவிட்டன. வடக்குச் சுவர் ஐந்தடியில் நின்றது. கணக்குப்படி நேரம் தாராளமாக இருந்தது.

உடன் உழைத்தவர் பாஷா பாய். முப்பது வருடம் கப்பலில் லாஷிங் வேலை, அதாவது சரக்கு அசையாமல் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவரையும் தினமும் மேற்பார்வை செய்தவர் மீன் கூடையோடு போகும் ஒரு அம்மா.

"இன்னாண்ணே, இன்னும் களி வேவலயா? பந்தி எப்போ?"

"நீ கொயம்பு எத்துக்கினு வா, உக்காந்துரலாம்," என்பார் பாய்.

அந்த வெள்ளிக்கிழமை 5 மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது. வடக்குச் சுவரின் மேல் இரண்டடி அந்த வாரம் வைத்தது, இன்னும் ஈரம்; மற்ற மூன்று சுவரும் காய்ந்தவை. பாய் வீட்டிலிருந்து தார்பாயும் கயிறும் கொண்டுவந்தார். சுவரின் தலையிலிருந்து அடிவரை போர்த்தி, இரண்டு பக்கமும் இழுத்து, குறுக்கே ஆறு சுற்று கட்டினார். விரல் நுழைய இடமில்லை.

"கப்பல்ல சக்கர மூட்டைக்குக் கட்ன கட்டு நைனா இது. பொயலே வந்தாலும் ஒரு சொட்டு உள்ள பூராது."

நான் சுற்றிவந்து சரிபார்த்தேன். டைரியில் "போர்த்திய விதம் திருப்தி" என்று எழுதினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை விட்டுவிட்டுப் பெய்தது. மழை நின்ற நேரங்களில் வெயிலும் அடித்தது. துறைமுகத்தில் பழகியவர்கள் நாங்கள். மூடிய சரக்கை வேடிக்கை பார்க்கத் திறக்க மாட்டோம்.

திங்கள், 25ஆம் தேதி, 3.20க்குக் கட்டை அவிழ்த்தோம். நான்காவது சுற்றை அவிழ்க்கும்போது சுவர் வயிறு தள்ளிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஐந்தாவது சுற்று அவிழ்ந்ததும் மேல் இரண்டடியும் பாயின் காலில் வந்து விழுந்தது. அதுவரை தார்பாய்தான் சுவரைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"யா அல்லா," என்றார் பாய். பிறகு, "கட்டு அவுரல, பாத்தியா," என்றார்.

ரோஸ்லின் காபியோடு வந்தவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தார்பாயின் உட்புறத்தைத் தடவினாள். உள்ளங்கை முழுக்கத் தண்ணீர்.

"மழைத்தண்ணி இல்ல இது. வேர்த்துக்கீது. ஈர ஒடம்பு மேல கம்பளியப் போத்தி வெயில்ல நிக்க வெச்சா வேர்க்காதா?"

அது எனக்குத் தெரிந்த வியர்வைதான். மூடிய கப்பலறைக்குள் சரக்கின் ஈரமே ஆவியாகி, மேல் தகட்டில் பட்டு, சொட்டுச் சொட்டாகத் திரும்பச் சரக்கின் மேலேயே விழும். அரிசி, கோதுமை, காபிக்கொட்டை எல்லாம் அப்படிக் கெட்டு வரும். ரிமார்க்ஸ் கட்டத்தில் அதற்கு "ஸ்வெட் டேமேஜ்", அதாவது வியர்வைச் சேதம் என்று எழுதுவோம். என் கையால் நூற்றுக்கணக்கான ஷீட்டில் எழுதியிருக்கிறேன். காற்று விடாமல் மூடியது யார் என்று கப்பல்காரர்களிடம் சண்டையும் போட்டிருக்கிறேன்.

டேப் வைத்து அளந்தேன். மிச்சம் சரியாக மூன்றடி.

"பதினாலு நாள் கீது," என்றாள் ரோஸ்லின். "தேதியில மாத்தமில்ல."

அன்றே நான்கு சவுக்குக் கம்பு நட்டோம். தார்பாயைச் சுவருக்கு இரண்டடி மேலே பந்தல்போல் விரித்து, பக்கங்களைத் திறந்து விட்டோம். விழுந்த மண்ணைத் திரும்ப மிதித்தோம். ஒரு முறைக்கு ஒன்பது அங்குலம், அதற்கு மேல் இல்லை. பிறகு இரண்டு நாள் கடற்காற்றில் காய விடுவது. 26, 29, 1, 4, 7 தேதிகளில் ஐந்து முறை வைத்தோம். அவசரத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் வைக்கலாமா என்று 4ஆம் தேதி பாய் கேட்டார். எனக்கும் ஆசைதான். அவர் காலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 8. திருநாளன்று மண்ணைத் தொடக் கூடாது என்பது ரோஸ்லின் வீட்டு வழக்கம். காலைப் பூசை முடிந்து 9.40க்கு மனைக்கு வந்தோம். பாயும் வந்திருந்தார். ரோஸ்லின் பட்டுப்புடவையோடு ஸ்டூலில் ஏறி டேப்பின் மேல்முனையைப் பிடித்தாள். நான் கீழ்முனை. மேலே என்ன காட்டும் என்பது ஏணி இல்லாமலே எனக்குத் தெரியும். ஆறடி ஒன்பது அங்குலம்.

அவள் டேப்பை நிதானமாகப் பார்த்தாள்.

"ஏழு," என்றாள்.

பாய் இருமினார். அளவைத் தப்பாகச் சொன்ன ஒருவரையும் சர்வீஸில் நான் திருத்தாமல் விட்டதில்லை. டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தேன். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி மேஸ்திரிக்குப் போன் போட்டு, பிளாக் வேண்டாம், கூரை வேலைக்கு மட்டும் ஆள் அனுப்புங்கள் என்றாள்.

மண் வீடு கட்ட நினைக்கும் இளையவர்களுக்கு ஒன்று: மழையைத் தலைக்கு மேலேயே நிறுத்துங்கள், பக்கங்களை மூடாதீர்கள். நம் தொழிலில் ஏற்கெனவே தெரிந்த விஷயம் வீட்டில் வேறு உருவத்தில் வரும்போது அடையாளம் தெரியாமல் போகும் என்பதையும் அன்று குறித்துக்கொண்டேன்.

டைரியில் 6 அடி 9 அங்குலம் என்றே எழுதினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய். யார்டுக்கு லீவு சொல்லியிருந்தேன். 4.50க்கு எழுந்தபோது ரோஸ்லின் வீட்டில் இல்லை. மனைக்குப் போய்ப் பார்த்தால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டார்ச்சைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மண் மிதித்துக்கொண்டிருந்தாள். முதல் வேலையாக அந்த மூன்று அங்குலத்தை வைத்து முடித்தோம்.