புல் வெட்டாத ஒரு மாதம்

கிளறன்ஸ் மன்னாரிலிருந்து வந்தவர். நியூசிலாந்தின் ஹென்டர்சனில் இருந்துகொண்டு இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறார். யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தால், புறப்பட்ட பஸ்ஸையும் நிறுத்திவிடுவார். அதற்காக டிப்போவில் இரண்டு தடவை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர். அப்படிப்பட்டவருக்கு அமெரிக்க அரசியல் எப்படித் தலைக்கேறியது என்று மனைவி ராசமணிக்கே விளங்கவில்லை. அந்த நாட்டில் அவர் கால்கூட வைத்ததில்லை.

2018 டிசம்பரில், நத்தாருக்குச் சற்று முன்னர்தான் அங்கே சண்டை முற்றியது. எல்லைச் சுவருக்குக் காசு தா என்று ஜனாதிபதி நிற்க, தரமாட்டோம் என்று எதிர்க்கட்சி நிற்க, அரசாங்கத்தில் ஒரு பகுதியைப் பூட்டிவிட்டார்கள்.

நத்தார்ச் சாப்பாட்டில் கிளறன்ஸ் சொன்னார்: "சுவர் கட்டத்தான் வேணும். பஸ் நிரம்பினாப் பிறகு ஆக்களை ஏத்த ஏலாது."

அதே வளவில் பின்வீட்டில் இருக்கும் டெஸ்மன், ராசமணியின் தம்பி, கறியைக் கீழே வைத்தார். "அத்தான், நீங்கள் ஆரின்ரை பாஸ்போர்ட்டிலை இஞ்சை வந்தனீங்கள்?"

"அது வேறை."

"என்ன வேறை?"

"அது நான்."

"டாட், யூ ஆர் லிட்டரலி அ ரெஃப்யூஜி," என்றாள் மகள் றோஷினி. விருந்துக்கு வந்திருந்த பங்குச் சுவாமியார் புடிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவாமியார் முன்னால் மானம் போனதுதான் கிளறன்ஸைச் சுட்டது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான புல் வெட்டும் மெஷின் அவருடைய ஷெட்டில் நின்றது. டெஸ்மன் மன்னிப்புக் கேட்கும்வரை அது வெளியே வராது என்றார். அதன் பற்றரியோ டெஸ்மனின் கராஜில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மெஷின் வராமல் பற்றரி வராது என்றார் அவர்.

புல் முழங்காலைத் தொட்டது. இருவரும் அவரவர் வீட்டில் செய்தி பார்த்தார்கள். நாலாம் கிழமை ராசமணி பக்கத்து வீட்டு மெஷினை வாங்கி வந்து, வாசலிலிருந்து கொடிக்கம்பிவரை ஒரே ஒரு கோடு வெட்டிவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"முழுக்க வெட்டியிருக்கலாமே?" என்றார் கிளறன்ஸ்.

"எனக்கு உடுப்புக் காயப்போட வழி வேணும். மிச்சம் உங்கடை அரசாங்கம்."

ஜனவரி இருபத்தாறு, சனிக்கிழமை காலை, டெஸ்மன் பற்றரியுடன் வந்து நின்றார். "அத்தான், அங்கை திறந்திட்டாங்கள்."

"மூண்டு கிழமைக்குத்தான்."

"அப்ப மூண்டு கிழமைக்கு வெட்டுவம்."

கிளறன்ஸ் ஷெட்டைத் திறந்தார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை. நீளப் புல்லில் மெஷின் பத்தடிக்கு ஒருமுறை இறுகி நின்றது. அடைத்த புல்லை ஆள்மாறி ஆள் இழுத்து எடுத்தார்கள். களைத்துப்போய் உட்கார்ந்தபோது கிளறன்ஸ் தானாகவே கதைக்கத் தொடங்கினார்.

"அந்தப் பாஸ்போர்ட்டிலை என்ரை பேர் கனகசிங்கம். இஞ்சத்தை ஏர்போட்டிலை ஒரு ஒபிசர் படத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான். படத்திலை காது ரெண்டும் வேறை. ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னான். திருப்பி அனுப்பப் போறாங்கள் எண்டு நான் இருக்கிறன், தேத்தண்ணி கொண்டுவந்து தாறான்."

டெஸ்மன் இதை ஒருநாளும் கேட்டதில்லை. "பிறகு?"

"குடிச்சனான். சீனி காணாது."

டெஸ்மனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கிளறன்ஸும் சிரித்தார். சுவரைப் பற்றிய கருத்தை அவர் மாற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் சுவர்க் கதையை அவர் மறுபடி எடுக்கவில்லை.