அப்பாவின் நாற்காலியிலிருந்து என்னை எழுப்பியவர்

அம்மா பரணிலிருந்து அப்பாவின் சாய்வு நாற்காலியை இறக்கிப் போட்ட அன்றுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்னபோதுகூட அவ்வளவு பயம் இல்லை.

நாங்கள் கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறோம். நான், என் மனைவி ஜெயா, அம்மா. விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன். கொரோனா அடங்கிய மறு வருஷம், ஈஸ்டர் முடிந்த வாரத்தில், கூட வேலை செய்கிறவருக்கு ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போனேன். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். என் ரத்தத்தை யாருக்கும் ஏற்ற முடியாதாம். ஹெபடைடிஸ் பி என்ற வைரஸ் இருக்கிறதாம். நல்லது செய்யப் போன இடத்தில் இப்படி ஒரு சேதி.

நானும் ஜெயாவும் பெங்களூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அது சிறு வயதிலேயே வந்து தங்கியிருக்கலாம் என்றார். அடியோடு போவது அபூர்வம், தினமும் மாத்திரை போட்டு அடக்கி வைக்கலாம் என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கல்லீரல் லேசாக இறுக ஆரம்பித்திருக்கிறது, அது மேலும் இறுகக் கூடாது, அதுதான் முக்கியம் என்றார். ஜெயாவுக்கும் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டாள். அதற்கு அன்றைக்கே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா நாற்காலியைத் துடைத்து வாசல் பக்கம் போட்டிருந்தார்.

அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். பாறைத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. கடைசி வருஷங்களில் குழாயடி வரைக்கும் போய் வருவதற்குள் மூச்சு இரைத்து உட்கார்ந்துவிடுவார். டாக்டர்களும் அலட்டிக்கொள்ளாதே என்றுதான் சொன்னார்கள். அந்த நாற்காலியில்தான் அவர் இருந்தார், அதிலேயே போய்ச் சேர்ந்தார். எங்கள் லைனில் இப்படி ஒரு நாற்காலி இல்லாத வீடு குறைவு. அதனால் நோயாளி என்றால் நடக்கக் கூடாது என்பது எங்கள் ஜனங்களுக்கு யாரும் சொல்லித் தராமலே ரத்தத்தில் ஊறிய விஷயம்.

"குந்துடா. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றார் அம்மா. நானும் உட்கார்ந்தேன்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சபைச் சகோதரிகள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கல்லீரல் வியாதிக்கு ஈரல்தான் மருந்து என்று ஆட்டு ஈரல் வறுவல் விதவிதமாக வந்தது. ஆட்டுக்கால் சூப், முட்டை, குளுக்கோஸ். லீவு முடிந்து வேலைக்குப் போனபோது ரயில் நண்பர்கள் ஜன்னலோரச் சீட்டில் கர்ச்சீப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்தார்கள். என் பையைக்கூட என்னைத் தூக்க விடவில்லை. கம்பெனியிலும் நாற்காலி, ரயிலிலும் சீட்டு, வீட்டுக்கு வந்தால் அப்பாவின் நாற்காலி. தொப்பை வைத்து, சட்டை பட்டன் போட முடியாமல் போனது. எழுந்தால் தலை சுற்றியது. சபைக்குப் போவதும் நின்றது. பாஸ்டர் ஐயா வீட்டுக்கே வந்து ஜெபித்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் ஜெயாவும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் நாற்காலியில். கைப்பிடியில் ஓரிடத்தில் பாலிஷ் தேய்ந்து மரம் தெரியும். அப்பாவின் கை வருஷக்கணக்காக அழுத்திய இடம். என் உள்ளங்கை சரியாக அங்கேயே பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் குழந்தை மாதிரி அழுதேன்.

அதுவரைக்கும் என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, இந்த வைரஸை எடுத்துப் போடும். அன்றைக்கு வாயில் வேறு வார்த்தை வந்தது. "ஆண்டவரே, அது இருந்தாலும் இருக்கட்டும். இந்த நாற்காலியில் என்னை முடித்துவிடாதேயும்."

அடுத்த மாதம் மறுபடியும் ஸ்கேன். நானும் வருவேன் என்று அம்மா பிடிவாதமாகக் கூட வந்தார். மாத்திரையால் வைரஸ் நன்றாக அடங்கியிருந்தது. ஆனால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, முன்பைவிட அதிகமாக இறுகியிருந்தது.

"மாத்திரை கரெக்டா போடறீங்க. அப்போ நாள் பூரா என்ன பண்றீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"உக்காந்துகினுதான் மேடம் இருக்கேன்."

"யாரு நடக்கக் கூடாதுன்னு சொன்னது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். யாருமே சொல்லவில்லை! எந்த டாக்டரும், எந்த நர்ஸும் சொல்லவில்லை.

"இவங்கப்பாவுக்கு சொன்னாங்கம்மா" என்றார் அம்மா, மெதுவாக.

டாக்டர் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு நுரையீரல் அம்மா. இவருக்குக் கல்லீரல். வைரஸை மாத்திரை பாத்துக்கும். கொழுப்பை இவர் காலுதான் பாத்துக்கணும். தினமும் வேகமா நடக்கட்டும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த அளவு வேகம் போதும்."

ஜெபத்துக்குப் பதில் வந்தது அந்த அறையில்தான். அப்போது எனக்குத் தெரியவில்லை. பயம்தான் தெரிந்தது.

ரயிலில் வேலைக்குப் போகிறவனுக்குக் காலை நேரம் கிடையாது. முதலில் கம்பெனியில் கேட்டு இரண்டாம் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன். முதல் நாள் விடிந்ததும் பக்கத்துப் பாலகாட் பகுதிக்குப் போகிற ரோட்டில் நடந்தேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா. கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

"இன்னாம்மா இது?"

"மூச்சு வாங்குனா எங்கடா குந்துவ? நடு ரோட்டுலயா?"

அப்படித்தான் நடந்தோம். முன்னால் நான், பின்னால் ஸ்டூலோடு அம்மா. பால் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "இன்னா அண்ணா, ஸ்டூலு வாடகைக்கா?" என்று ஒருத்தர் கேட்டார். மானம் போனது. ஆனாலும் முதல் வளைவு வருவதற்குள் உட்கார்ந்தேன். அதுவும் உண்மை.

டாக்டர் சொன்னதை அம்மா மறக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "எங்க, ஒரு பாட்டு பாடு பாக்கலாம்" என்பார். நான் கீர்த்தனையை எடுப்பேன். முழுசாகப் பாடிவிட்டால், "வேகம் பத்தல" என்பார். பாதியில் மூச்சு முட்டினால் பதறிப்போய் ஸ்டூலைப் போடுவார். "பாட முடியக் கூடாதுன்னுதானேம்மா சொன்னாங்க" என்று நான் கத்துவேன். "அது சரி, குந்து" என்பார். ஆறு பிள்ளை பெற்றவரிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று வெள்ளைத் தூளை அள்ளிக்கொண்டு வருகிற நாட்களில் சபை ஹாலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன். ஈரல் வறுவலுக்கு நன்றி சொல்லி நிறுத்தச் சொன்னோம். சகோதரிகளுக்கு வருத்தம்தான். ரயிலில் கிடைத்த சீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, வழியில் வரும் பங்காருபேட்டை வரை நின்றுகொண்டு போனேன். அப்புறம் அதையும் தாண்டி நின்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தில் ஒரு நாள் பேசிக்கொண்டே பாலகாட்டுக்கே வந்துவிட்டோம். அம்மா திடீரென்று நின்றார். தன் வெறுங்கையைப் பார்த்தார்.

"ஐயோ, ஸ்டூல எடுத்துகினு வரலடா."

"தேவைப்படலையேம்மா."

அவர் ரோட்டோரத்தில் அப்படியே நின்று அழுதார். "உங்கப்பாவ ஒரு நாளாச்சும் இப்பிடி நடக்க வச்சுப் பாக்கணும்னு எவ்ளோ வேண்டிகினேன் தெரியுமா. உன்னை நடக்க வச்சிட்டாருடா ஆண்டவரு." நானும் அழுதேன். அங்கேயே இரண்டு பேரும் கைகோத்து ஜெபித்தோம்.

புது வருஷத்தில் எடுத்த ஸ்கேனில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. கல்லீரல் முதல்முறை பார்த்ததைவிடவும் இளகியிருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம். எனக்கோ, ஸ்டூலை மறந்த அன்றைக்கே பதில் தெரிந்துவிட்டது.

தப்பாக எண்ணிவிடாதீர்கள். வைரஸ் போய்விட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. அது இருக்கிறது. மாத்திரையும் தினமும் உண்டு. விசுவாசத்தின் பெயரால் யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நான் கேட்ட முதல் ஜெபத்துக்கு ஆண்டவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதற்குப் பதில் தந்தார். ஒரு டாக்டரின் வாயாலும், என் சொந்தக் கால்களாலும் தந்தார்.

அப்பாவின் நாற்காலி இன்னும் வாசல் பக்கம்தான் இருக்கிறது. இப்போது அதில் அம்மா உட்காருகிறார், நடந்து வந்த களைப்பு தீர. உங்கள் வீட்டிலும் யாராவது பயத்தினாலேயே உட்கார்ந்திருந்தால், முதலில் டாக்டரைக் கேளுங்கள், நடக்கலாமா என்று. பிறகு ஆண்டவரை நம்பி எழுந்திருங்கள். விடிந்ததும் நாங்கள் பாலகாட் ரோட்டில்தான் இருப்போம், கூட வாருங்கள். மூச்சு வாங்குமே என்று பயப்பட வேண்டாம். உங்களுக்காக அம்மா ஸ்டூலை எடுத்துக்கொண்டு வருவார்.