அவள் சிரிப்புக்கு அடுத்து என் முகம்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் ஒரு சமயம் சினிமாப் பாட்டு எடுத்தார்கள். கூலியாக நுழையும் கதாநாயகன் முதலாளியாவதை ஒரே பாட்டில் காட்ட வேண்டுமாம். அதற்காக எங்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிடித்தார்கள். முதல் நாள், குச்சிகளை மருந்தில் முக்கிவிட்டு நான் நிமிர்ந்து பார்ப்பதை எடுத்தார்கள். மறுநாள் நான் எட்டயபுரத்தில் ஒரு துக்க வீட்டில் இருந்தேன். அன்றுதான் மரச்சட்டத்தில் குச்சி அடுக்கும் பெண்களை எடுத்திருக்கிறார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. அவளோடு பேச வேண்டும் என்று தினமும் நினைப்பேன், வாய் வராது.

படம் வந்ததும் ஆபீஸே தியேட்டருக்குப் போனது. பாட்டில் அவள் தலையைத் தூக்கிச் சிரித்தாள். அடுத்த நொடி என் முகம். பிறகு எரியும் ஒரு தீக்குச்சி. பக்கத்தில் இருந்தவன் என் தொடையில் அடித்தான்.

"ஏலே, ஒன்னப் பாத்துத்தாம்ல சிரிக்கா."

இருட்டு என்பதால் தப்பித்தேன்.

மறுநாள் தண்ணீர்ப் பானைப் பக்கம் அவளே வந்தாள். எங்கள் எல்லாரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அன்று என்னை அப்படிக் கூப்பிடவில்லை.

"அன்னைக்கு நீங்க வேலைக்கே வரலியே. பெறவு எப்படி ஒங்களப் பாத்துச் சிரிச்சேன்?"

"ஒட்டிட்டாவ போல."

"நல்லாத்தான் ஒட்டிருக்காவ."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த தையில் அவளைப் புதியம்புத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கன தையல் வேலை பார்ப்பதாகக் கேள்வி. எனக்கு எதுவும் அமையவில்லை.

கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற ஒருவர் பின்னாளில் விளக்கினார். இதற்கு மாண்டேஜ் என்று பெயராம். சின்னச் சின்னத் துண்டுகளை அடுத்தடுத்து வைத்தால், எந்தத் துண்டிலும் இல்லாத ஒன்றைப் பார்க்கிறவன் மனசே உண்டாக்கிக்கொள்ளுமாம். எனக்கு அது புரிந்தது. புரிந்த பிறகும் போனில் அந்தப் பாட்டைப் போட்டுப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. பானைப் பக்கம் அவள் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை யாரும் ஒட்டவில்லையே.

போன வாரம் தேடியபோது பழைய பாட்டு அகப்படவில்லை. சுருக்கி வெட்டிய ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் அவள் தலையைத் தூக்கிச் சிரிக்கிறாள். ஆனால் அடுத்து வருவது தீக்குச்சி. நடுவில் இருந்த என்னை எடுத்துவிட்டார்கள்.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் இல்லை.

இந்தத் தாளிலாவது அவள் சிரிப்புக்கு அடுத்து என் முகம் இருக்கட்டும் என்று எழுதி வைத்தேன். ஐப்பசி பதினொன்று, மத்தியானம்.