பிரம்பு நாற்காலியில் ஆண்டவர்

மைசூரில் எங்கள் வீட்டில் உட்காரத் தகுந்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான். ஊரைவிட்டுப் போன ஒரு துரையின் பங்களா ஏலத்தில் என் கணவர் எடுத்த பிரம்பு நாற்காலி. சாய்ந்தால் முதுகுக்கு அப்படி ஒரு சுகம். மற்றவை முக்காலிகள். அவற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

நான் தலைப்பிள்ளை உண்டாகி நிறைமாதம். அப்போது பார்த்து எங்கள் திருச்சபையில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. ஆண்டவர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார், நாம்தான் கண்டுகொள்வதில்லை என்று வெளியூர்ப் பிரசங்கியார் கண்ணீர்விட்டுப் பேசினார். எல்லாரும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். என் கணவர் மட்டும் நேரே வந்து பிரம்பு நாற்காலியின்மேல் வெள்ளைத் துணியை விரித்தார்.

“இனிமே இது ஆண்டவருக்கு. யாரும் உட்காரக் கூடாது.”

யாரும் என்றால் யார்? வீட்டில் இருந்ததே நாங்கள் இருவர்தான். அரண்மனையில் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. எதையும் மாட்டினால் கடைசிவரை திருகி இறுக்காமல் விடமாட்டார். சாப்பிடும்போது நாற்காலியைப் பார்த்து, “ஆண்டவரே, ரசத்துல இன்னைக்கும் உப்பு தூக்கல்” என்று என்மேல் புகார் வேறு. கால் வீங்கி, முக்காலியில் முள்மேல் இருப்பதுபோல் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு மேல்கோட்டை மாமி வாசலில் நின்று விஷயத்தைக் கேட்டாள். மாமியாவது எனக்காகப் பரிந்து பேசுவாள் என்று நினைத்தேன்.

“பேஷ்! ஆனா சுவாமியை உட்கார்த்தி வெச்சுட்டுப் பட்டினி போடலாமோடி?” என்றாள்.

மறுநாளிலிருந்து ஆண்டவருக்கு மாமி வீட்டுப் புளியோதரை வந்தது. அவர் சார்பில் என் கணவர் சாப்பிட்டார். அதில் மட்டும் உப்பு சரியாக இருந்ததாம்.

ஒரு சாயங்காலம் எங்கள் போதகர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். நல்ல கனத்த சரீரம். உள்ளே வந்ததும் நேராக அந்த நாற்காலியை நோக்கிப் போய் உட்காரக் குனிந்தார்.

“ஐயா! அதுல ஆண்டவர் இருக்கார்!” என்று என் கணவர் அலறினார்.

போதகர் துள்ளி நிமிர்ந்து, “மன்னிக்கணும்” என்றார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு முக்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்து ஜெபத்தை ஆரம்பித்தார். எங்கள் போதகரின் ஜெபம் சுருக்கமாக முடிகிற சமாசாரம் அல்ல. எங்கள் குடும்பம், சபை, மகாராஜா, மழை என்று போய்க்கொண்டே இருந்தது. நின்றபடி இருந்த எனக்கு இடுப்பு விண்டுபோயிற்று. இதற்குமேல் முடியாது என்று பிரம்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

பிரம்பு கிறீச்சிட்டது. இருவரும் கண்ணைத் திறந்தார்கள்.

“எந்திரி! அவர் உட்கார்ந்திருக்கார்!” என்றார் என் கணவர்.

“அவரே எழுந்து இடம் கொடுத்துட்டாருங்க. நிறைமாசத்துல தங்க இடம் கிடைக்காம அவங்க அம்மா அலைஞ்சது அவருக்குத் தெரியாதா?”

போதகர் மழையை அப்படியே பாதியில் விட்டு, உரக்க “ஆமென்” என்றார்.

என் கணவர் நாற்காலியைச் சுற்றிலும் பார்த்தார். பிறகு மெதுவாக, “அப்போ இப்ப எங்கே நிக்கறார்?” என்று கேட்டார்.

“உங்க பக்கத்துலதான்.”

நிஜமாகவே ஓரமாக நகர்ந்து நின்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, உள்ளே போய்த் தன் தலையணையை எடுத்துவந்து என் முதுகுக்குப் பின்னால் செருகினார். சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்தியும் பார்த்தார். அத்தனை நாள் கோபமும் எங்கே போயிற்றோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய்க்கு வந்ததைத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தத் தலையணை முதுகில் பட்டபோது, நான் சொன்னது பொய்யில்லை என்று பட்டது.