அவர் தாண்டிய போல்ட்

மல்லசமுத்திரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியசாமி அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன சமயத்தில், அவருடைய லாரியும் படுத்துக்கொண்டது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய், ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜின் ஆயிலில் கலந்து, வாசலிலேயே நின்றுவிட்டது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் விசாரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனி அவரால் ஓட்டவே முடியாது என்று டாக்டர் அவர் மனைவி ஆத்தாயி அக்காவிடம் சொல்லிவிட்டார். லாரியை வாங்கிக்கொள்ள ராசிபுரத்து ஜெகதீஸ்வரன் தயாராக இருந்தார். ஓடுகிற வண்டியாகக் கொடுத்தால் போதும் என்றார். அக்கா இதை அண்ணன் காதில் போடவில்லை. கேஸ்கட் மாற்றிவிட்டால் மறுபடி ஸ்டியரிங் பிடிக்கலாம் என்று அவர் நம்பியிருப்பதாகவே நினைத்தார்.

"அந்த நெனப்புலதான் அவரு ரெண்டு வாய் சோறு திங்கறாரு, சாமி" என்று என்னிடம் அழுதார்.

எப்போதும் அண்ணன்தான் வாசலில் வைத்து கேஸ்கட் மாற்றுவார். அக்கா ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். இந்த முறை ஸ்பேனர் அக்கா கையில். கனமான ஹெட்டை இறக்கி ஏற்ற மட்டும் தெருக்காரர்கள் நாங்கள் கை கொடுத்தோம். அண்ணனைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்காரவைத்தோம். இன்ஜின் இருப்பது கேபினுக்குள்ளேயே, அவருக்கு இடப்பக்கம். நல்லவேளையாக, விளங்கும் கையும் இடதுதான்.

ஹெட் போல்டுகளை நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறி, சுற்றுச் சுற்றாக இறுக்க வேண்டும். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு போல்டாகத் தட்டிக் காட்டினார். அக்கா ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இறுக்கிக்கொண்டே போனார். அந்த முன்கோபக்காரர் அன்று ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.

கடைசிச் சுற்றில் ஒரு போல்டை மட்டும் தட்டாமல் தாண்டிவிட்டு, போதும் என்று கையைக் காட்டினார்.

"ஏனுங்க, இதொண்ணு உட்டுப்போச்சுங்களே?" என்றார் அக்கா.

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இதை உட்டா வண்டி மறுக்கா நின்னு போயிருமுங்களே."

ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. விற்கப் போகிற விஷயம் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அக்கா அந்த போல்டில் ஸ்பேனரை மாட்டினார், ஆனால் இறுக்கவில்லை. பிடித்தபடியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்குத் தாங்கவில்லை, கீழே இறங்கிவிட்டோம்.

நான் திரும்பிப் பார்த்தபோது அக்காவின் கைமேல் அண்ணனின் இடது கை இருந்தது. இரண்டு பேருமாக அதை இறுக்கினார்கள்.

ஜெகதீஸ்வரன் வந்த அன்று சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் அண்ணன்தான். என்னைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து வைத்தார். ராகு காலம் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று ஜெகதீஸ்வரனுக்கு அவசரம். வண்டி நகர்ந்ததும் அண்ணன் இடது கையைத் தூக்கித் திருகித் திருகிக் காட்டினார். வழியனுப்புகிறார் என்று எண்ணி ஜெகதீஸ்வரன் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்.

அண்ணன் கையை இறக்கவேயில்லை. அக்கா என் போனை வாங்கி ஜெகதீஸ்வரனை அழைத்தார்.

"ஊடு போயிச் சேந்து, இன்ஜின் சூடாறுனதும் போல்டையெல்லாம் மறுக்கா இறுக்கோணுமுங்க. எங்கூட்டுக்காரரு சொல்றாருங்க."